தெரியாமல் சாப்பிடவில்லை

மேல் டிவிஷன் லைன்,
குன்னூர்,
9-5-84

அன்பு மகன் வேலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் மாடும் கன்றும் இங்கே நலம், மாரியம்மன் புண்ணியத்தில் கை கால் ஓடுகிறது. நீ நலமா என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும், ஆனால் இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நீ நலமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பட்டணத்தில் உன்னோடு ஒரே ரூமில் இருக்கிற நம் காந்தல் ஊர்ச் செல்லதுரை லீவில் வந்தவன் நேற்று வீட்டுக்கு வந்திருந்தான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவனை நீ கோபித்துக்கொள்ளாதே, அவன் சொல்ல மாட்டேன் என்றுதான் இருந்தான், நான் ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டு உட்கார வைத்ததும் தானாகச் சொல்லிவிட்டான். அதை அப்புறம் பேசுகிறேன், முதலில் உன் கடிதத்துக்குப் பதில்.

உன் இன்லேண்டு லெட்டர் வந்தது. மடிக்கிற இடம்கூட விடாமல் எனக்குப் புத்தி எழுதியிருக்கிறாய். எஸ்டேட் துரையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடம்மா, இந்த வயதில் உனக்கு எதற்கு வீம்பு, ஒரு வேளைச் சோறு முன்னே பின்னே ஆனால் என்ன குடி முழுகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு யார் இதைச் சொன்னது என்று உன் அப்பாவைக் கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே வெளியில் மாட்டைப் பார்த்தார், அதிலேயே தெரிந்துவிட்டது. அப்பனும் மகனும் எனக்குத் தெரியாமல் எழுதிக்கொள்கிறீர்கள், எழுதுங்கள். ஆனால் அவர் பயத்தில் பாதியைத்தான் எழுதியிருப்பார், நடந்ததை நான் முழுசாக எழுதுகிறேன், படித்துவிட்டு அப்புறம் எனக்குப் புத்தி சொல்.

முன்பெல்லாம் மத்தியானச் சங்கு ஊதினால் கூடையை இறக்கி வைத்துவிட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் கொழுந்து எடை போடுவது, அது உனக்கே தெரியும். இந்தச் சீசனுக்குக் கருணாகரன் என்று ஒரு பீல்டு ஆபீசர் புதிதாக வந்தார், உன்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கும், எந்நேரமும் கையில் தொப்பி. அவர் வந்ததும் முதலில் எடை, அப்புறம்தான் சோறு என்று மாற்றிவிட்டார், சாப்பிட்டுவிட்டு வந்தால் பெண்களுக்குக் கை ஓடுவதில்லையாம். சரி, எடை போட லாரி வர வேண்டுமே. அது கீழ் டிவிஷனுக்குப் போய் அங்கே கொழுந்தை ஏற்றி, பாக்டரியில் இறக்கி, மறுபடியும் இந்த மேட்டுக்கு முக்கிக்கொண்டு ஏறி வருவதற்குள் வெயில் சாய்ந்துவிடுகிறது, மழை வந்தால் கேட்கவே வேண்டாம். தூக்குப்போசியில் சோறு சில்லிட்டுக் கிடக்கும், நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்போம். காலையில் இருட்டோடு கிளம்புகிற அவசரத்தில் எங்களில் பாதிப் பேர் வெறும் டீயோடு வருகிறவர்கள், அது வேறு. தேயிலைக் காட்டில் டீக்கு மட்டும் பஞ்சமில்லை சாமி. பசித்தால் பால் இல்லாத டீ ஒரு டம்ளர், தலை கிறுகிறுத்தால் இன்னொரு டம்ளர், வயிறு எரிந்தால் அதற்கும் டீ. நாங்கள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சீசன் முடிந்தால் சரியாகிவிடும் என்று நானும்தான் இருந்தேன்.

பக்கத்து வீட்டு அங்கம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்று போன மாதம் கண்டுபிடித்தார்கள். டிஸ்பென்சரிக்கு இப்போது ஒரு டாக்டரம்மா வருகிறார், நல்ல மனுஷி, தொட்டுப் பார்த்து விசாரிக்கிறவர். மாத்திரையைக் கொடுக்கும்போதே, வேளாவேளைக்குச் சாப்பிடறீங்களா, காலையில சாப்பிட்டாச்சா என்று கேட்டிருக்கிறார். அங்கம்மா ஒவ்வொரு தடவையும் ஆச்சுங்க, ஆச்சுங்க என்றே சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை. நம் பக்கத்தில் சாப்பிட்டீங்களா என்பது என்ன கேள்வியா, எதிரே வருகிறவரைப் பார்த்து வாங்க என்று சொல்கிற மாதிரி ஒன்று. வயிறு ஒட்டிக் கிடந்தாலும் ஆச்சுங்க என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. இல்லைங்க என்று சொன்னால் எனக்குச் சோறு போடுங்கள் என்று கேட்ட மாதிரி ஆகிவிடும், எந்த மானமுள்ளவள் அப்படிச் சொல்வாள். டாக்டரம்மா வெளியூர், அவர் அதை நிஜமாகவே கேட்டிருக்கிறார், நிஜமான பதில் என்று நம்பி நேரத்துக்குச் சாப்பிடுகிறவளுக்குத் தகுந்த மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்.

அங்கம்மா மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொண்டாள், சோறுதான் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு ரெண்டு நிரை தள்ளிப் பறித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று என்னை அக்கா என்று கூப்பிடாமல் அம்மா அம்மா என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தால் மழையில் நனைந்த மாதிரி வியர்த்து நிற்கிறாள், மறு நிமிஷம் கூடையோடு சரிந்துவிட்டாள். பேய் அறைந்துவிட்டது என்று ஒருத்தி, காலைத் தேய் என்று ஒருத்தி. நான் டீக்குக் கடித்துக்கொள்ள முந்தானையில் முடிந்திருந்த கருப்பட்டியைக் கடித்துத் தூளாக்கி அவள் வாயில் வைத்தேன். கண் சொருகியிருந்தாலும் நாக்கு அசைந்தது, சப்பினாள், எனக்கு உயிர் வந்தது. கொழுந்து கட்டுகிற சாக்கில் படுக்க வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினோம். கருணாகரன் தன் ஜீப்பில்தான் ஏற்றிக்கொண்டு போனார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் எனக்கு.

டிஸ்பென்சரியில் டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு இவங்க காலையில என்ன சாப்பிட்டாங்க என்று எங்களைக் கேட்டார். எங்களோடு வந்த மூக்கம்மா உடனே, அதெல்லாம் சாப்பிட்டாச்சுங்க என்றாள். அவள் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது, இன்னொருத்தியும் ஆமாங்க என்றாள். அங்கம்மா கட்டிலில் உதடு வெளுத்துக் கிடக்கிறாள், இவர்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. “இல்லைங்க டாக்டரம்மா, சாப்பிடலைங்க. அவளும் சாப்பிடலை, நானும் சாப்பிடலை, இங்க நிக்கறவங்க ஒருத்தரும் சாப்பிடலைங்க. லாரி வந்தாத்தானுங்க எங்களுக்குச் சோறு” என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் கூச்சத்தில் என் காது சுட்டது, பிச்சை கேட்ட மாதிரி இருந்தது. டாக்டரம்மா வாசலில் நின்ற கருணாகரனைப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. வெளியே வந்ததும் எஸ்டேட் மானத்தை வாங்கிட்டீங்களே என்றார். எங்கள் மானத்தை நாங்கள் எத்தனை நாளாகக் கட்டிக் காத்தோம் என்று அவருக்கு யார் சொல்வது.

மறுநாளும் லாரி இல்லை, சங்கு ஊதியது. நான் கூடையை இறக்கி வைத்தேன், கொழுந்து வாடாமல் நிழலில் சாக்கைப் போட்டு மூடினேன், பாதை ஓரத்தில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், யாரையும் கூப்பிடவில்லை, கை காட்டவில்லை. எல்லோரும் நிரையில் நின்றபடி என்னையே பார்த்தார்கள், முதல் வாயைத் தண்ணீர் குடித்துத்தான் இறக்கினேன். கருணாகரன் மேலே இருந்து இறங்கி வந்து என் தலைக்கு நேராக நின்று எந்திரிங்க என்றார். “உக்காந்துட்டேனுங்க, தின்னுட்டுத்தான் எந்திரிப்பேன்” என்றேன். யார் சொல்லி உட்கார்ந்தீங்க என்று கேட்டார். “சங்கு சொல்லுச்சுங்க” என்றேன். அப்போதுதான் மூக்கம்மா தன் கூடையை இறக்கினாள், அவளைப் பார்த்து அடுத்தவள், கொஞ்ச நேரத்தில் அந்த மேடு முழுக்கப் போசி திறக்கிற சத்தம். நான் வாழ்க்கையில் எத்தனையோ சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன் வேலா, கல்யாண விருந்துகூட அவ்வளவு ருசியாக இருந்ததில்லை. பழைய சோறும் மோர்மிளகாயும்தான்.

அதற்குத்தான் இப்போது என் மேல் விசாரணை. வேலை நேரத்தில் வேலையை நிறுத்தினார், மற்றவர்களையும் தூண்டிவிட்டார் என்று இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது, ஆபீஸ் ரைட்டர் டக்ளஸ்தான் படித்துச் சொன்னார். குற்றம் என்று முடிவானால் என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். மற்ற பெண்கள் ஆளாளுக்குப் பயந்துதான் இருக்கிறார்கள், என்னை நிறுத்திவிட்டால் மறுநாளிலிருந்து மறுபடியும் லாரி வந்தால்தான் சோறு, அது எல்லோருக்கும் தெரியும். டக்ளஸ் நல்லவர், எனக்கு உதவி செய்வதாக நினைத்து, அக்கா ஒரே ஒரு வரி, தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், துரை மன்னித்துவிடுவார் என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன் சாமி. கூடையை இறக்கி வைத்து, சாக்கைப் போட்டு மூடி, கை கழுவி, சோற்றைப் பிசைந்து, மிளகாயைக் கடித்து, இவ்வளவும் தெரியாமல் செய்தேன் என்று எழுத வேண்டுமாம். சோற்றை எவளாவது தெரியாமல் தின்பாளா. தெரிந்துதான் தின்றேன், பசித்தது தின்றேன், நாளைக்கும் தின்பேன் என்று சொன்னேன், டக்ளஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை மூடிவிட்டார். இத்தனை நேரம் வேலை செய்தால் இடையில் உட்கார விட வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம், யூனியன்காரர் சொல்கிறார். இருந்தால் சந்தோஷம். சட்டம் இல்லாவிட்டாலும் வயிறு இருக்கிறதே.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். வாரா வாரம், சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை அம்மா என்று எழுதுகிறாயே, அதுவும் அங்கம்மா சொன்ன ஆச்சுங்கதான் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. காலையில் ஒன்றும் தின்பதில்லையாம், ரயிலைப் பிடிக்க வேண்டுமாம். மத்தியானம் உன் மேனேஜர் பைலைக் கொண்டு வா என்று கூப்பிட்டால் போசியைத் திறக்காமலே மூடி வைத்துவிடுவாயாம். சாயங்காலம் ஸ்டேஷனில் எண்ணெயில் பொரித்த எதையோ பன்னில் வைத்துத் தின்பாயாம், ராத்திரி அலுப்பில் படுத்துவிடுவாயாம். பங்குனியில் ஒருநாள் ஆபீஸ் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாயாமே, ரத்தம் வேறு கலந்து வந்ததாமே, குடலில் புண் என்று டாக்டர் சொன்னாராமே. பெற்றவளுக்கு ஒரு வரி எழுதினாயா நீ. செல்லதுரை சொல்லும்போது நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன், அவன் எதிரில் அழக் கூடாது என்று. அவன் போன பிறகு நன்றாக அழுதேன். வயிற்றில் புண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வேளைச் சோறு முன்னே பின்னே ஆனால் என்ன என்று எனக்கு எழுதுகிறாய், உனக்குக் கை எப்படித்தான் வந்தது.

நேரத்துக்குச் சாப்பிடாமல் வேலை செய்தால் நல்ல வேலைக்காரன் என்று பேர் வாங்கலாம் என்று நினைக்கிறாய், அங்கம்மாவுக்கும் அந்தப் பேர்தான் இருந்தது. உன் மேனேஜர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, நீ பசிக்கிறது என்று சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும். அவர் வீட்டில் அவருக்கு நேரத்துக்குத் தட்டு வைக்கிறவர்கள் இருப்பார்கள். உனக்கு அங்கே நீதான் வைக்க வேண்டும். ராகி மாவு வறுத்து அரைத்து செல்லதுரையிடம் கொடுத்து அனுப்புகிறேன், ராத்திரியே கரைத்துக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டால் காலையில் மோர் ஊற்றிக் குடித்துவிட்டு ஓடலாம், ரயில் ஒன்றும் உன்னை விட்டுவிட்டுப் போகாது, போனால் அடுத்தது வரும். வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, தேயிலை பறிக்கிறவளே சொல்கிறேன். காரத்தைக் குறை, டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாதே. இனிமேல் சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று எனக்கு எழுதக் கூடாது, என்ன சாப்பிட்டாய், எப்போது சாப்பிட்டாய் என்று எழுது, சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்று எழுது. என்னிடம் உனக்கு என்ன மானம்.

ஸ்ரீமதுரையில் உன் அக்காவுக்கு இது அஞ்சாம் மாசம். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறாள் என்று அவள் மாமியார் பெருமையாகச் சொல்லி அனுப்பினார். நான் பஸ் ஏறிப் போய்விட்டேன். சம்பந்தியம்மா, விரதத்தை நான் இருக்கிறேன், பிள்ளை பிறக்கும் வரை அவளுக்கு மூணு வேளையும் சோறு போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தம்மாவுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது, ஆனால் மாப்பிள்ளை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், பஸ்ஸுக்கு வரும்போது நான் பார்த்துக்கறேனுங்க அத்தை என்றார். நம்முடைய மாடு இப்போது பால் குறைத்துவிட்டது, கன்று துள்ளுகிறது. அங்கம்மா எழுந்து நடமாடுகிறாள், டாக்டரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், இப்போது யார் சாப்பிட்டாச்சா என்று கேட்டாலும் இன்னும் இல்லைங்க என்று சத்தமாகச் சொல்கிறாள், கேட்டவர்கள்தான் முழிக்கிறார்கள்.

விசாரணை வருகிற இருபத்தொன்றாம் தேதி திங்கட்கிழமை. எந்த நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா, சரியாக மத்தியானச் சங்குக்கு. டக்ளஸிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன், அதே நேரம்தான். நான் தூக்குப்போசியோடுதான் போகப் போகிறேன். துரை கேட்பதையெல்லாம் கேட்கட்டும், பதில் சொல்கிறேன், ஆனால் சங்கு ஊதினால் அவர் மேஜைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவேன். இதை நேற்று ராத்திரி உன் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அப்படியே பாக்டரிக்கு ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார், சரி, மனுஷனுக்குக் கோபம் என்று நினைத்தேன். காலையில் திரும்பி வந்து காலைக் கழுவிவிட்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்தார். “அன்னைக்கு எனக்கும் சேர்த்துக் கட்டு, நானும் வர்றேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். முப்பது வருஷமாக மேஸ்திரி இருமினால்கூட எழுந்து நிற்கிற மனுஷன் வேலா. எனக்கு வேறு எந்தச் சட்டமும் வேண்டாம்.

மூக்கம்மாவும் போசியோடு வருவதாகச் சொல்கிறாள், அங்கம்மாவும் வருகிறாளாம், ஆபீஸ் தரையில் எத்தனை பேருக்கு இடம் இருக்குமோ தெரியாது. வேலை போனாலும் போகட்டும், பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன், உன்னிடம் எதற்குப் பொய். பயத்தோடுதான் போகிறேன், ஆனால் பட்டினியோடு போக மாட்டேன்.

மாரியம்மன் உனக்கு நல்ல பசியையும் அது தீர நல்ல சோற்றையும் நேரத்துக்குக் கொடுத்து நீண்ட ஆயுசோடு வைக்கட்டும். அப்பாவும் உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டாலும் யார் கூப்பிட்டாலும் சரி, நீ எழுந்து போய் உன் போசியைத் திறந்து சாப்பிடு. எங்கே போகிறாய் என்று கேட்டால், குன்னூரில் என் அம்மாவுக்கு விசாரணை நடக்கிறது, நானும் அதில் ஒரு ஆள் என்று சொல்.

இப்படிக்கு,
தெரிந்தே சாப்பிட்ட உன் அம்மா,
லி. அம்சவேணி